ரீச்சர் சொல்லித் தந்த பாட்டு

இடப்பெயர்வுகளில் எதை எதை விட்டுவிட்டு வந்தீர்கள் என்று கேட்டால், வன்னிப் பெண்கள் ஒவ்வொருவரிடமும் நீண்ட பட்டியல் ஒன்று இருக்கும். காணி உறுதி, தையல் மெசின், கறவை மாடு, பிள்ளைகளின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், கலியாணப் படம் என்று அது நீண்டுகொண்டே போகும். எதைக் கொண்டு வந்து சேர்த்தீர்கள் என்று கேட்டால் பதில் சுருங்கிவிடும். உடுத்த உடுப்பு, கையில் பிடித்த பிள்ளைகள், சிலவேளை ஒரு பை. ஆனால் யாருமே சொல்லாமல் விடும் ஒரு பொருளும் எம்முடன் வந்தது. அது சிறுவயதில் நாம் மனப்பாடம் செய்த பிரார்த்தனை. சைவப் பெண்ணுக்குத் தேவாரம், கத்தோலிக்கப் பெண்ணுக்குச் செபமாலை, முஸ்லிம் பெண்ணுக்குத் தொழுகையில் ஓதும் வசனங்கள். இவற்றைத் தூக்கிச் சுமக்கத் தேவையில்லை. எந்தச் சோதனைச் சாவடியிலும் இறக்கி வைக்கத் தேவையில்லை.

இந்தப் பொருளை எமக்குள் வைத்தவர் யார் என்று யோசித்துப் பார்த்தால், தாய்க்கு அடுத்ததாகப் பெரும்பாலும் ஓர் ஆசிரியையின் முகமே நினைவுக்கு வரும். எனக்கும் அப்படியொரு ரீச்சர் இருந்தார். சமூகப் பணியாளராகப் பல ஆண்டுகள் வேலை செய்த பின்னர்தான் அவர் தந்ததன் பெறுமதி எனக்கு முழுமையாக விளங்குகிறது. அதைப் பற்றி உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

மரத்தடி வகுப்பு

1996ஆம் ஆண்டு கிளிநொச்சியை விட்டு நாங்கள் இடம்பெயர்ந்தபோது எனக்கு எட்டு வயது. அக்கராயன், ஸ்கந்தபுரம், மல்லாவிப் பக்கமெங்கும் சனம் நிறைந்திருந்த காலம் அது. இருந்த பாடசாலைக் கட்டடங்கள் போதவில்லை. எங்கள் வகுப்பு முதலில் பாலை மரத்தடியிலும் பிறகு கிடுகுக் கொட்டிலிலும் நடந்தது. உரப்பையை விரித்து அதன் மேல் இருந்து படித்தோம். மண்ணெண்ணெய் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் ஆனை விலை. இரவில் ஜாம்போத்தலுக்குள் பஞ்சை வைத்துத் திரியிட்ட விளக்கின் வெளிச்சத்தில்தான் வீட்டுவேலை செய்வோம்.

எங்களுக்குச் சைவசமயமும் தமிழும் படிப்பித்த ரீச்சரும் இடம்பெயர்ந்து வந்தவர்தான். 1995ஆம் ஆண்டு வலிகாமத்தைவிட்டு வெளியேறிய பெருங்கூட்டத்தோடு கடல்நீரேரி கடந்து வன்னிக்கு வந்தவர். அவரிடம் இரண்டு சேலைகளே இருந்தன என்பது வகுப்பிலிருந்த எல்லோருக்கும் தெரியும். ஒன்றை உடுத்து வந்தால் மற்றது கொடியில் கிடக்கும்.

சமயப் புத்தகம் ஒன்றைப் பத்துப் பேர் பார்த்தோம். எனவே ரீச்சர் புத்தகத்தை நம்பிப் படிப்பிக்கவில்லை. தான் ஒரு வரி பாடுவார், நாங்கள் திருப்பிப் பாடுவோம். தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, புராணம் என்ற பஞ்சபுராண ஒழுங்கை அப்படியே செவிவழியாகப் பதிய வைத்தார். ஒரு சொல்லுக்குப் பொருள் விளங்காமல் அடுத்த வரிக்குப் போக விடமாட்டார். குரல் நன்றாக உள்ள பிள்ளைகளை மட்டும் காலைப் பிரார்த்தனையில் முன்னுக்கு விடும் வழக்கம் அவரிடம் இல்லை. ஆண், பெண் என்று பாராமல் ஒவ்வொருவருக்கும் முறை வரும். "பாட வராதெண்டு ஒருத்தரும் இல்லை. ராகம் வராட்டில் சொல்லுங்கோ, அது காணும்" என்பார்.

சோதினை நெருங்கும்போது, கூடப் புள்ளி கிடைக்க எந்தத் தேவாரம் பாட வேண்டும் என்று ஒருவன் கேட்டான். ரீச்சர் சிரித்துவிட்டு, "இது கூப்பன் கடை இல்லை பிள்ளையள். வரிசையில நிண்டு அட்டையை நீட்டிச் சாமான் வாங்கிற வேலை இல்லை இது. நாங்கள் தனிய இல்லை எண்டு எங்களுக்கே ஞாபகப்படுத்திறதுதான் பிரார்த்தனை" என்றார். எட்டு வயதில் இது எனக்கு விளங்கவில்லை. ஆனால் மறக்கவும் இல்லை.

இன்னொரு வழக்கமும் அவரிடம் இருந்தது. புதிய பாட்டொன்றைத் தொடங்குமுன், அதைத் தனக்குச் சொல்லித் தந்தவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வார். "இது எனக்கு என்ர ரீச்சர் சொல்லித் தந்தது. அவவுக்கு அவவின்ர பேரனார் சொல்லிக் குடுத்தவராம். இண்டையிலயிருந்து இது உங்கட" என்பார். காணி உறுதியை எழுதிக் கொடுப்பதுபோல அவ்வளவு பொறுப்பாகச் சொல்வார்.

திலகவதியாரின் கதை

ரீச்சர் அடிக்கடி சொன்ன கதை திலகவதியாருடையது. போரால் பாதிக்கப்பட்ட எம் போன்ற பெண்கள் எல்லோரும் அறிந்திருக்க வேண்டிய கதை என்பதால் இங்கே சற்று விரிவாகச் சொல்கிறேன். சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் பாடிய பெரியபுராணத்தில் இது வருகிறது.

திருவாமூரில் புகழனாருக்கும் மாதினியாருக்கும் மகளாகப் பிறந்தவர் திலகவதியார். தம்பி மருள்நீக்கியார். திலகவதியாரைக் கலிப்பகையார் என்ற படைத்தலைவருக்கு மணம் பேசியிருந்தார்கள். திருமணம் நடக்குமுன் அரசன் கட்டளையால் அவர் போருக்குப் போனார். அந்த இடைவெளியில் தந்தை நோயில் இறந்தார், தாயும் உடன் இறந்தார். அந்தத் துயரம் ஆறுமுன்னே, போர்க்களத்தில் கலிப்பகையார் மாண்ட செய்தி வந்தது. தானும் உயிரை விட்டுவிடுவதென்று திலகவதியார் துணிந்தார். தம்பி காலில் விழுந்து, நீயும் போனால் உனக்கு முன் நான் போவேன் என்று அழுதான். தம்பிக்காக அவர் உயிரோடு இருக்கச் சம்மதித்தார்.

இந்த இடத்தில் ரீச்சர் கொஞ்ச நேரம் பேசாமல் நிற்பார். வகுப்பிலே தகப்பன் இல்லாத பிள்ளைகள் எத்தனையோ பேர். தமக்கையே தாயாக இருந்து வளர்த்த பிள்ளைகளும் இருந்தார்கள். கதை தங்களுடைய வீட்டுக் கதைபோல அவர்களுக்கு இருந்திருக்கும்.

வளர்ந்த தம்பி வேறு சமயத்தைத் தழுவி, தருமசேனர் என்ற பெயரோடு பெரிய நிலைக்கு உயர்ந்தார். திலகவதியார் திருவதிகைக்குப் போய், கோயிலைக் கூட்டி மெழுகி, நந்தவனம் வைத்துப் பூமாலை கட்டிக்கொண்டு தனியே இருந்தார். பல காலத்தின் பின் தம்பிக்குச் சூலைநோய் வந்தது. எந்த வைத்தியமும் பலிக்காதபோது அவருக்கு நினைவு வந்தது தமக்கையைத்தான். இரவோடிரவாக அவரைத் தேடி வந்தார். திலகவதியார் ஏன் போனாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. விடியுமுன் திருநீற்றைக் கொடுத்து, ஐந்தெழுத்தை ஓதிக் கோயிலுக்குள் அழைத்துச் சென்றார். அந்தச் சந்நிதியில் பிறந்ததுதான் அப்பருடைய முதல் தேவாரம்.

"அறுபத்துமூன்று நாயன்மாரில திலகவதியார் இல்லை. ஆனா அவ இல்லாட்டில் அப்பர் இல்லை" என்று ரீச்சர் கதையை முடிப்பார். பெயர் பட்டியலில் இல்லாத ஒருத்தியின் கையால்தான் இவ்வளவும் வந்தது என்பதை அவர் அழுத்திச் சொன்னதன் காரணம் எனக்கு இப்போது தெரிகிறது. பிரார்த்தனையை ஒருவருக்குள் வைப்பவர் அதிகம் பேசத் தேவையில்லை. எந்நேரம் திரும்பி வந்தாலும் திறந்திருக்கும் கதவாக இருந்தாலே போதும்.

எமது நாட்டிலும் இந்தப் பணியைச் செய்த பெண்கள் உண்டு. தெல்லிப்பழையில் 1925ஆம் ஆண்டு பிறந்து, ஆசிரியையாக இருந்து, சிவத்தமிழ்ச்செல்வி என்று அழைக்கப்பட்ட தங்கம்மா அப்பாக்குட்டி அம்மையாரை உங்களில் பலர் அறிந்திருப்பீர்கள். தெல்லிப்பழைத் துர்க்கை அம்மன் ஆலயத்தின் நிர்வாகத்துக்குப் பெண்ணொருவராகத் தலைமை தாங்கினார். ஆதரவற்ற பெண்பிள்ளைகளுக்காகத் துர்க்காபுரம் மகளிர் இல்லத்தை நடத்தினார். 2008ஆம் ஆண்டு அவர் காலமானார். எங்கள் ரீச்சர் அவருடைய பிரசங்கங்களைக் கேட்டு வளர்ந்தவர். கோயிலில் சொன்னதை வீட்டிலும் வகுப்பிலும் செய்து காட்ட வேண்டும் என்பதை அங்கேதான் படித்ததாகச் சொல்வார்.

தறப்பாளின் கீழ்

2009ஆம் ஆண்டு நாங்கள் செட்டிகுளம் மெனிக்பாம் முகாமில் இருந்தோம். எங்கள் கூடாரத்துக்குப் பக்கத்தில் மூன்று பெண்பிள்ளைகளோடு ஓர் அம்மா இருந்தார். கணவர் வரும் வழியில் ஷெல் பட்டு இறந்தவர். பாதையோரம் குழி தோண்டி மூடிவிட்டு ஓடி வந்திருந்தார்கள். முப்பத்தோராம் நாள் நெருங்கியபோது அந்த அம்மா அமைதியிழந்து போனார். அஸ்தி இல்லை, ஐயர் இல்லை, கடல் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, "கொள்ளி வைக்கிறதுக்கும் ஒரு ஆம்பிளைப் பிள்ளை இல்லாமப் போட்டுது" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

அன்று மாலை ஒரு சிரட்டையில் விளக்கேற்றினோம். அக்கம்பக்கத்துக் கூடாரங்களிலிருந்து ஏழெட்டுப் பெண்கள் வந்து இருந்தார்கள். நான் பஞ்சபுராணத்தைத் தொடங்கினேன். இரண்டாவது பாட்டில் அந்த அம்மாவின் மூத்த மகள் தானாகவே குரலெடுத்தாள். பதினான்கு வயதுப் பிள்ளை. அவளும் எங்கோ ஒரு மரத்தடியில் யாரோ ஒரு ரீச்சரிடம் படித்திருக்கிறாள். ஒரு சொல் பிசகவில்லை. முடியும்வரை அந்த அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அப்பாவுக்கு நீ சொல்லிட்டாய் பிள்ளை" என்றார். முகாமை விட்டு வெளியே வந்த பிறகு அவர்கள் முறைப்படி கிரியைகளைச் செய்தார்கள். ஆனால் அந்த அம்மா நித்திரை கொள்ளத் தொடங்கியது அந்த இரவிலிருந்துதான்.

யூதர்களின் கதிஷ்

பின்னர் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது எமில் டேர்க்கைம் என்ற பிரெஞ்சு அறிஞரைப் பற்றி அறிந்தேன். சமூகவியலின் தந்தையருள் ஒருவர் என்று சொல்லப்படுபவர். இவர் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். தந்தையும் பாட்டனும் ரபி எனப்படும் யூத மதகுருமார். துக்கச் சடங்கு என்பது தனிமனிதரின் கண்ணீர் மட்டுமல்ல, இழப்பால் பலவீனப்பட்ட கூட்டம் ஒன்றுகூடித் தன்னைத் திரும்பத் தூக்கி நிறுத்துவது என்று 1912ஆம் ஆண்டு வெளியான தனது நூலில் விளக்கினார். இதைப் படித்தபோது மெனிக்பாமில் சிரட்டை விளக்கைச் சுற்றியிருந்த பெண்கள்தான் என் கண்ணுக்கு முன் வந்தார்கள். டேர்க்கைமுக்கும் பின்னாளில் எங்களுடைய துயரமே வந்தது. அவருடைய மகன் ஆந்திரே முதலாம் உலகப் போரில் 1915ஆம் ஆண்டின் இறுதியில் பால்கன் போர்முனையில் காணாமற்போனார். இறந்துவிட்டார் என்பது உறுதியாகச் சில மாதங்கள் சென்றன. அந்தத் துயரத்திலிருந்து மீளாமலே 1917இல் டேர்க்கைமும் காலமானார்.

அவரால் யூதர்களின் பிரார்த்தனை முறையைத் தேடிப் படிக்கும் ஆவல் எனக்கு ஏற்பட்டது. அவர்களுக்குக் கதிஷ் என்றொரு பிரார்த்தனை உண்டு. பெரும்பகுதி அரமேயம் என்ற பழைய மொழியில் அமைந்தது. தாய் தகப்பன் இறந்தால் பிள்ளை பதினொரு மாதங்கள் அதைச் சொல்வது வழக்கம். தனியே சொல்ல முடியாது. குறைந்தது பத்துப் பேர் கூடியிருக்க வேண்டும். வியப்பு என்னவென்றால், இறந்தவர்களுக்காகச் சொல்லும் அந்தப் பிரார்த்தனையில் சாவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இறைவனைப் போற்றுவதும் சமாதானத்தை வேண்டுவதும் மட்டுமே இருக்கிறது.

கதிஷ் சொல்வது பழைய வழக்கப்படி ஆண்பிள்ளையின் கடமை. இங்கேதான் ஹென்ரியெட்டா சோல்ட் என்ற பெண்மணியின் வரலாறு வருகிறது. 1860ஆம் ஆண்டு அமெரிக்காவின் பால்ட்டிமோர் நகரில் பிறந்தவர். தந்தை ரபி பெஞ்சமின் சோல்ட். அந்த வீட்டில் பிறந்த எட்டுப் பேரும் பெண்பிள்ளைகள். தந்தை மூத்த மகளுக்கு எபிரேய மொழியையும் வேத நூல்களையும் ஓர் ஆண்பிள்ளைக்குக் கற்பிப்பதுபோலக் கற்பித்தார். தந்தையே அவருக்குக் குரு. அகதிகளாக ருசியாவிலிருந்து வந்தவர்களுக்காக ஹென்ரியெட்டா இராப் பாடசாலை நடத்தினார். 1912இல் ஹடாசா என்ற பெண்கள் அமைப்பை நிறுவினார். 1916ஆம் ஆண்டு தாயார் இறந்தபோது, குடும்ப நண்பர் ஒருவர், ஆண்பிள்ளை இல்லாத உங்கள் வீட்டுக்காக நான் கதிஷ் சொல்கிறேன் என்று அன்போடு முன்வந்தார். ஹென்ரியெட்டா நன்றி சொல்லி மறுத்துக் கடிதம் எழுதினார். எட்டுப் பெண்களைப் பெற்ற என் பெற்றோர் ஆண்பிள்ளை இல்லையென்று ஒருநாளும் குறைப்பட்டதில்லை, அப்பா இறந்தபோது மகள்மாரின் இடத்தை வேறொருவர் எடுக்க அம்மா விடவில்லை, அம்மாவுக்கு நானே சொல்வேன் என்பது அதன் கருத்து. பின்னாளில் நாசிகளின் கொடுமையிலிருந்து ஆயிரக்கணக்கான பிள்ளைகளை மீட்டுக் குடியேற்றிய பணிக்குத் தலைமை தாங்கியவரும் இவரே. 1945ஆம் ஆண்டு எருசலேமில் காலமானார்.

இந்தக் கடிதத்தைப் பற்றி வாசித்தபோது, "அப்பாவுக்கு நீ சொல்லிட்டாய் பிள்ளை" என்ற குரல் என் காதில் கேட்டது. பெண்ணின் பிரார்த்தனைக்கும் அதே பாரம் உண்டு என்று நம்பிக் கற்பித்த ஒருவர் அங்கும் இருந்திருக்கிறார், இங்கும் இருந்திருக்கிறார்.

கதிஷில் இன்னொரு வகையும் உண்டு. வேத நூலைக் கூடியிருந்து படித்து முடித்த பின் சொல்வது. அதிலே ஆசிரியர்களுக்காகவும், அவர்களுடைய மாணவர்களுக்காகவும், மாணவர்களின் மாணவர்களுக்காகவும் நலம் வேண்டுகிறார்கள். பாட்டைத் தொடங்குமுன் சொல்லித் தந்தவரை நினைத்த எங்கள் ரீச்சர் யூதர்களைப் பற்றி அறிந்திருக்கமாட்டார். ஆனாலும் இரண்டும் ஒன்றே. பிரார்த்தனையை யாரும் தனக்குத் தானே உண்டாக்கிக்கொள்வதில்லை, வாங்கித்தான் கொடுக்கிறோம் என்பதை அந்த மக்களும் அறிந்திருக்கிறார்கள். ஊரூராகத் துரத்தப்பட்டவர்கள் கற்றுக்கொண்ட பாடம் அது.

மாலை போடாத படங்கள்

இன்று என் வேலையில் பெரும்பகுதி காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்களோடுதான். கிளிநொச்சியில் கந்தசுவாமி கோவில் முன்றலில் 2017ஆம் ஆண்டு பெப்ரவரி 20ஆம் திகதி தாய்மார் தொடங்கிய போராட்டத்தை எல்லோரும் அறிவோம். பதில் கிடைக்காமலே கண்மூடிய பெற்றோர் பலர்.

இந்தத் தாய்மாருக்குப் பிரார்த்தனையும் ஒரு சிக்கல். அந்தியேட்டி செய்தால் பிள்ளை இல்லையென்று ஒத்துக்கொண்டதாகிவிடும். செய்யாவிட்டால் ஒருவேளை அவன் ஆறுதலில்லாமல் அலைவானோ என்ற பயம். வீட்டுச் சுவரில் படம் இருக்கும், அதற்கு மாலை இருக்காது. எனக்குத் தெரிந்த ஒரு தாய் இந்த இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டு, சாமி அறைப் பக்கமே போகாமல் விட்டிருந்தார். நான் போகும்போதெல்லாம் தேத்தண்ணி தருவார், பேசமாட்டார். ஒருநாள் வேறொன்றும் கேட்காமல், "அம்மா, உங்களுக்குச் சின்னனில தேவாரம் ஆர் சொல்லித் தந்தது?" என்று கேட்டேன். அன்றுதான் அவர் ஒரு மணித்தியாலம் பேசினார். முத்தையன்கட்டுப் பக்கத்தில் ஒரு சின்னப் பாடசாலை, குடையோடு நடந்து வரும் வாத்தியார், சரியாகப் பாடினால் கிடைக்கும் கற்கண்டு என்று எல்லாம் சொன்னார். சொல்லிக்கொண்டு போனவர் இடையிலே பாடத் தொடங்கினார்.

பாடி முடிந்ததும், "இது செத்தவைக்குப் பாடிறதோ, இருக்கிறவைக்குப் பாடிறதோ?" என்று கேட்டார். இரண்டு பேருக்கும் பாடுவது என்று சொன்னேன். தேவாரம் பிறந்தநாளிலும் பாடப்படுகிறது, சாவீட்டிலும் பாடப்படுகிறது. கதிஷிலே சாவு என்ற சொல் இல்லாததுபோல, எங்கள் பாட்டிலும் மகனை இருக்கிறான் என்றோ இல்லை என்றோ முடிவுகட்ட வேண்டிய தேவை இல்லை. அவனுடைய பெயரை நினைத்துப் பாடலாம். தீர்ப்பு எழுதாமலே விளக்கேற்றலாம். இப்போது அந்த அம்மா வெள்ளிக்கிழமைகளில் விளக்கேற்றுகிறார். படத்துக்கு மாலை போடவில்லை. போடச் சொல்லி நாமும் யாரையும் வற்புறுத்தக் கூடாது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல விரும்புகிறேன். பிரார்த்தனை இருந்தால் உண்மை தேவையில்லை, நீதி தேவையில்லை, வைத்தியர் தேவையில்லை என்பது என் கருத்தல்ல. பிள்ளைக்கு என்ன நடந்தது என்று கேட்பது தாயின் உரிமை. நித்திரை வராமலும் சாப்பாடு செல்லாமலும் வாரக்கணக்கில் துன்பப்படுபவர் வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போகத்தான் வேண்டும். ஆனால் கேட்டுக்கொண்டிருப்பதற்கும் காத்துக்கொண்டிருப்பதற்கும் ஒரு பெலன் வேண்டும். அந்தப் பெலனைச் சிறுவயதிலேயே எமக்குள் வைத்துவிட்டுப் போனவர்களை நினைப்பது பிழையல்ல.

எங்கள் ரீச்சர் சில வருடங்களுக்கு முன் காலமாகிவிட்டார். முப்பத்தோராம் நாள் கல்வெட்டு அச்சிட்டார்கள். வழக்கம்போல அதில் பஞ்சபுராணமும் இருந்தது. வந்திருந்த பழைய மாணவிகளில் ஒருவரும் அதைத் திறந்து பார்க்காமலே பாடினார்கள்.

சகோதரிகளே, உங்களுக்கும் யாரோ ஒருவர் சொல்லித் தந்திருப்பார். ரியூசன், ரெலிபோன் என்று பிள்ளைகளுக்கு நேரமில்லாத காலம் இது. முழுப் பஞ்சபுராணமும் வேண்டாம். உங்கள் வீட்டில், அல்லது பக்கத்து வீட்டில் உள்ள ஒரு பிள்ளைக்கு ஒரு பாட்டை, ஒரு செபத்தை, ஓதும் ஒரு வசனத்தைப் பொருளோடு சொல்லிக் கொடுங்கள். பெண்பிள்ளையென்றால் இன்னும் கவனமாகச் சொல்லிக் கொடுங்கள். சொல்லிக் கொடுக்கும்போது, அதை உங்களுக்குத் தந்தவரின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.